இன்னும் பத்து நிமிஷம்

"நெட்வொர்க் யாரு?" என்று அவர் கேட்டார்.

பதில் வராமல் விடமாட்டார் என்று காலையிலிருந்து பார்த்தாகிவிட்டது. அவர் வாயோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த மகன், "இருக்கேன் சார்" என்றான்.

"டேட்டாபேஸ்?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டுக்கும் ஒரே ஆளா? யாரு நீ? குரல் புதுசா இருக்கே."

"இப்பத்தான் சேர்ந்தேன் சார்."

"நேத்து சேர்ந்தவனை இந்த கான்ஃபரன்ஸ் காலுக்குள்ள விட்டது எந்த முட்டாள்?"

மகன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "பொறந்ததுலேர்ந்து இதே வீட்டுலதான் இருக்கேன். இப்பவும் என்னை வேலைக்கு எடுக்க மாட்டேங்கறாரும்மா" என்றான். 

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, துவைத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கல்லீரல் நின்றுபோனதில் நஞ்செல்லாம் மூளைக்கு ஏறிவிட்டது, ஏதாவது பேசிக்கொண்டேதான் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன பேசுவார் என்று டாக்டர் சொல்லவில்லை. மஞ்சள் பூத்த கண்கள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தன. வலது கை விரல் போர்வையின் மேல் கட்டம் போட்டது, அம்புக்குறி போட்டது, இன்னொரு கட்டம் போட்டது.

அந்தக் கட்டங்களை அவள் கல்யாணமான புதிதிலிருந்து பார்த்து வருகிறாள். பால் கணக்குச் சீட்டின் பின்புறம், கல்யாணப் பத்திரிகையின் உறை, ஓட்டலில் கை துடைக்கும் காகிதம் என்று எது கிடைத்தாலும் வரைவார். தண்ணீர் வரி வசூலுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் நாலு பேரில் ஒருவராகச் சேர்ந்தவர். பிறகு நிரல் எழுதுவதை விட்டு, எதை எப்படி எழுத வேண்டும் என்று மற்றவர்களுக்கு வரைந்து காட்டுபவரானார். அதன்பின் வரைவதும் குறைந்து, கம்பெனியின் தொழில்நுட்பம் முழுவதற்கும் தலைவராகி, மேடையில் பேசுபவரானார். என்ன ஆனாலும், எங்காவது ஏதாவது சிஸ்டம் படுத்துவிட்டால் கான்ஃபரன்ஸ் காலில் எல்லாரையும் ஒரே லைனில் உட்காரவைப்பார். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளிருக்கிறதா என்று பார்ப்பார். அவர் போகச் சொல்லும்வரை ஒருவரும் இறங்க முடியாது. அறைக் கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டோடு நின்று நின்று, அந்த அழைப்பு வரிசை அவளுக்கே மனப்பாடம்.

"குச்சி எங்க? குச்சியக் கூப்பிடு."

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"பழைய வெர்ஷன் பேச்சே யாரும் எடுக்கக் கூடாது" என்றார் அவர் சுவரிடம். "இன்னும் பத்து நிமிஷம் குடுங்க. பத்தே நிமிஷம்."

அது எந்த நாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் கேட்டு ஊரில் யார் போன் செய்தாலும், எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்கிற சிஸ்டம். அவர் வடிவமைத்தது, அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் புது வெர்ஷன் போட்ட அன்று காலையில் போன்கள் வந்தபடி இருந்தன, வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சாயங்காலம் எல்லாம் சரியாவதற்குள் காத்திருந்தே சிலர் செத்துப்போனார்கள். பரிசோதிக்காமல் அவசரப்பட்டுப் புதியதை ஏற்றியது குச்சி என்றது விசாரணை. உயரமாய், ஒல்லியாய், வீட்டுக்கு வந்தால் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகும் பையன். வேலை போயிற்று. பிறகு ஒருமுறை கடைத்தெருவில் அவன் எதிரே வந்தபோது, என்ன பேசுவதென்று தெரியாமல் அவள் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டாள்.

அவர் அந்த நாளைப் பற்றிப் பல ஊர்களில் பேசினார். நெருக்கடியில் தலைமை ஏற்பது எப்படி என்று. ஒரு கூட்டத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

நர்ஸ் நாடி பார்த்துவிட்டு அவளை ஜன்னலோரம் கூப்பிட்டாள். "அம்மா, இப்படி அல்லாடிட்டே இருந்தா அவருக்குத்தான் கஷ்டம். ஊசி போட்டா அமைதியாயிடுவார்."

"அப்புறம் முழிப்பாரா சிஸ்டர்?"

"இல்லம்மா. இன்னிக்கோ நாளைக்கோதான். நீங்க சொன்னாத்தான் போடுவேன்."

"கொஞ்சம் இருங்க."

வேறொன்றும் அவள் கேட்கவில்லை. அந்தக் கான்ஃபரன்ஸ் காலிலிருந்து அவர் ஒருதரம் இறங்கவேண்டும். இறங்கி, அவள் பக்கம் திரும்பி, அவள்தான் என்று தெரிந்து பார்க்கவேண்டும். அதன்பிறகு ஊசி போடட்டும்.

மகன் அவர் காதருகே குனிந்து சொல்லிப் பார்த்தான். "சார், எல்லாம் சரியாயிடுச்சு. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எந்த ஸ்க்ரீன்ல?"

மகனுக்குப் பல் மருத்துவம்தான் தெரியும். 

"பொய் சொல்றவன் என் லைன்ல இருக்கக் கூடாது" என்றார் அவர். "குச்சியக் கூப்பிடு."

பழைய எண் அவள் போனில் அப்படியே இருந்தது. மாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க. டிரைவிங் ஸ்கூல். காரா, பைக்கா?"

"நான்தான் பேசறேன் தம்பி. அண்ணி."

எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. "கிளட்ச்சை மெதுவா விடுங்க மேடம், அது ஒண்ணும் கரப்பான்பூச்சி இல்ல" என்று அவன் யாரிடமோ சொன்னான். வண்டி குலுங்கி நின்றதுபோல் இருந்தது. "சொல்லுங்க அண்ணி."

அவள் சொன்னாள். உடம்பைப் பற்றி, காலையிலிருந்து நடப்பதைப் பற்றி. அவன் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"உங்களைத்தான் கூப்பிடறார். எல்லாம் சரியாயிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கேக்கறதுக்கு எனக்கு முகம் இல்ல."

"சரியாகலையே அண்ணி."

 போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"அந்த நாள்ல எந்த இடத்துல இருக்கார்?" என்றான் அவன். "காலையிலயா, மத்தியானமா?"

"தெரியலையே. இன்னும் பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு சொல்லிட்டே இருக்கார்."

மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்றான். "மேடம், நீங்க இறங்கி ஒரு டீ சாப்பிட்டு வாங்க. இல்ல, சாவி இருக்கட்டும்." கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணி."

அவள் போனைத் தலையணையில், அவர் காதோரம் வைத்தாள்.

"சார், குச்சி."

அவர் முகம் மாறியது. நாள்கணக்காய்த் தளர்ந்து கிடந்த தாடை இறுகியது. குரல்கூடப் பழைய குரலாகிவிட்டது. "எங்கய்யா போன நீ? நிலவரம் சொல்லு."

"போன் வருது சார். எடுத்தவங்க விலாசம் எழுதறாங்க. வண்டிக்குத் தகவல் போகல. வரிசை ஏறிட்டே இருக்கு."

"ஏன் போகல?"

"தெரியல சார். தேடிட்டிருக்கோம். ஆனா தேடறதுக்கு இது நேரமில்ல. பழையதுக்குத் திரும்பிடலாம் சார். கால்மணி நேரத்துல வண்டி ஓட ஆரம்பிச்சிடும்."

"பத்து நிமிஷம் குடு. பிடிச்சிடுவேன்."

"காலையிலேர்ந்து இதேதான் சார் சொல்றீங்க."

"பத்து நிமிஷம்."

"சார், ஒரு அம்மா நாலாவது தடவை கூப்பிடறாங்க. வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதாம். திரும்பிடலாம் சார்."

"திரும்பினா புதுசு தோத்துடுச்சுன்னு அர்த்தம். நாளைக்கு அமைச்சர் வர்றார். பத்து நிமிஷம் குடுய்யா."

மகன் நிமிர்ந்தான். நர்ஸ் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் கைதட்டிய அந்த முன்வரிசை நாற்காலி அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவசரப்பட்ட ஓர் இளைஞரை நாம் மன்னிக்கக் கற்கவேண்டும் என்று அவர் சொன்ன இடத்தில்தான் எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள் குனிந்து அவர் தோளைத் தொட்டாள். "என்னங்க, அந்தத் தம்பி சொல்றதைக் கேளுங்களேன்."

"யார் அது? லைன்ல யார் பேசினாலும் முதல்ல பேர் சொல்லணும்."

"நான்தாங்க."

"எந்த டீம்?"

முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் முகம் இருந்தது. அவர் கண் அவளைத் தாண்டிச் சுவரில் இருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

 போனில் குச்சி பேசினான். "சார், நான் திருப்பறேன். நீங்க சொல்லலைன்னாலும்."

"யார் திருப்பச் சொன்னதுன்னு கேப்பாங்க."

"நானாத்தான் திருப்பினேன்னு எழுதிக்குங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்குவதை அவள் பார்த்தாள்.

"உன் பேர்லதானே?"

"என் பேர்லதான் சார்."

"சரி. போடு."

 போர்வைமேல் விரல் கட்டம் போடுவதை நிறுத்தி, அப்படியே கிடந்தது.

"வண்டி போகுதா?"

"போகுது சார்."

"கண்ணால பாத்தியா?"

இந்தமுறை பதில் வரத் தாமதமானது. "பாத்துட்டிருக்கேன் சார். போயிட்டிருக்கு."

"நல்லது. எல்லாரும் போகலாம்" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். இப்போது திறப்பார், இறங்கிவிட்டாரே, இனி இந்தப் பக்கம் திரும்புவார் என்று கட்டிலோரம் உட்கார்ந்து அந்த இமைகளையே பார்த்தாள். நர்ஸ் வந்து கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஊசிப் பெட்டியை மூடி வைத்தாள்.

"ஊசி தேவைப்படாதும்மா" என்றாள்.

போன் தலையணையில் கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள்.

"தூங்கிட்டாரா அண்ணி?"

"ம்." சிறிது கழித்து, "நிஜமாவே அன்னிக்கு நீ திருப்பச் சொன்னியா தம்பி?"

"சொன்னேன்."

"மேடையில அவர் வேற மாதிரி..."

"பாத்திருக்கேன். நல்லாப் பேசுவார்."

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்றது அண்ணி? விசாரணையில கேட்டவங்க எல்லாரும் அன்னிக்கு லைன்லதான் இருந்தாங்க." ஜன்னலை யாரோ தட்டும் ஓசை. "வந்துட்டேன் மேடம். வெச்சிடட்டுமா அண்ணி?"

இருட்டுவதற்கு முன் மூச்சு நின்றது. கண் திறக்கவே இல்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து திரும்பியபின் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். செருப்புகள் வாசலில் இடமில்லாமல் படிவரை கிடந்தன. கூடத்தில் சோபாவிலும் மடக்கு நாற்காலியிலும் நரைத்த தலைகளாய் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய போனும் சத்தமில்லாமல் மடியில் கிடந்து அவ்வப்போது வெளிச்சம் போட்டது. அவருடைய பதவியில் இப்போது இருப்பவர் நடுவில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சார் வரைந்த கட்டங்கள் இன்னும் அழியவில்லை, அவர் வளர்த்தவர்கள்தான் இன்று பாதிக் கம்பெனிகளை நடத்துகிறார்கள் என்றார். கேட்டவர்கள் தலையசைத்தார்கள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா மேடம்?" என்று கேட்டார். "இரங்கல் குறிப்புல போட்டா நல்லாருக்கும்."

"வேலையைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார்."

"அதானே பார்த்தேன்" என்று ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"அந்த ஆம்புலன்ஸ் சிஸ்டம் படுத்த அன்னிக்கு சார் மட்டும் இல்லன்னா நாங்கள்லாம் என்ன ஆகியிருப்போமோ" என்றார் நடுவில் இருந்தவர். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரை மேடம். ஒரு ஆள் லைனை விட்டு இறங்கல. தண்ணி குடிக்கக்கூடப் போகல. இதோ இவர், அவர், நான், இங்க இருக்கற எல்லாருமே இருந்தோம்."

அவர் கைகாட்டியபோது ஒவ்வொருவரும் லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் டீ பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நல்லாக் கேட்டுதா?" என்றாள்.

"எது மேடம்?"

"லைன். எல்லாருக்கும் எல்லாம் கேட்டுதா?"

"பிசிறில்லாமக் கேட்டுது மேடம். சார் அதுல ரொம்பக் கண்டிப்பு."

"அப்ப, திருப்பிடலாம்னு குச்சி சொன்னதும் கேட்டிருக்கும்."

மின்விசிறி சுற்றியது. மூக்கை உறிஞ்சியவர் கைக்குட்டையை நான்காக மடித்து, மறுபடி பிரித்தார். நடுவில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற மகன் யாரையும் விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

அவள் முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தாள். நீட்டிய கோப்பையில் டீயை ஊற்றினாள். பாதி வந்தது, முக்கால் வந்தது, விளிம்பு வந்தது. பிடித்திருந்தவர் விரலில் சூடு வழிந்தபோதும் போதும் என்று சொல்லவில்லை. அவள் அடுத்தவரிடம் போனாள்.