கட்டை வேண்டாத எஞ்சின்

மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப்போகும் டிரைவரின் பழைய குட்டி பிக்கப், ஒன்பதாவது வளைவு வந்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும். நின்றால் பின்னால் உருளும். அதனால் அவன் மனைவி ஒரு மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்து வருவாள். வண்டி திணறியதும் குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். போன மாதம் கட்டைக்கும் டயருக்கும் நடுவே அவளுடைய இரண்டு விரல்கள் மாட்டி நசுங்கிப்போயின. இனி அவள் குதிக்கவே கூடாது என்று அவன் அன்றைக்கே சத்தியம் செய்தான்.

பள்ளி மேலாளரோ திங்கட்கிழமை இரண்டு நடையும் நிற்காமல் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மெக்கானிக், மனைவியின் அண்ணன். இதே கம்பெனியின் கொஞ்சம் பெரிய பெட்ரோல் எஞ்சின் அலுங்காமல் குலுங்காமல் உட்காரும், அதைப் போடலாம் என்றான். டிரைவர் காதில் ஏறவில்லை. பழைய வேன் ஒன்றின் டீசல் எஞ்சின் மேல்தான் அவனுக்குக் கண். டீசல்தான் மேட்டில் இழுக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எஞ்சினை பிக்கப்பில் இறக்கியபோது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அதன் டைனமோ வண்டியின் சட்டத்தில் இடித்தது. நாளோ நெருங்கிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, பிக்கப்பின் பழைய டைனமோவையே மாட்டச் சொல்லி அவசரப்படுத்தினான். ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் இறங்குவது ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறன்று தெருவில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டான். கட்டையை அவள் கண்ணெதிரிலேயே விறகோடு எறிந்தான்.

திங்கட்கிழமை அவளும் வழக்கம்போலக் கதவோரம் ஏறிக்கொண்டாள். ஒன்பதாவது வளைவில் வண்டி முனகக்கூட இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேன்களை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்காகக் கொஞ்சம் வேகமாகவே திரும்பினான்.

அதே வளைவுக்கு மேலே பிரேக்கை மிதித்தான். கல்லை மிதித்தது போலிருந்தது. எழுந்து நின்று மிதித்தும் வேகம் அடங்கவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தான், விழவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கச் சுவரோடு தேய்த்தான். நடை வேகத்துக்கு வந்தும் அது பள்ளத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. குதிக்காதே என்று அவன் கத்துவதற்குள் அவள் குதித்துவிட்டாள். விறகிலிருந்து எடுத்து இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கட்டையை உருவி, கட்டுப்போட்ட கையாலேயே சக்கரத்தின் முன்னால் சொருகினாள். வண்டி நின்றது.

மச்சானுக்குப் போன் செய்தான்.

"பழைய டைனமோவையா மாட்டினோம்? ஐயோ மாப்ள, அந்த டீசல் டைனமோ முதுகுலதான் பிரேக்குக்குக் காத்து இழுக்குற பம்ப் இருந்துச்சு. பெட்ரோல் எஞ்சின் அந்தக் காத்தைத் தானே இழுத்துக்கும், டீசல் இழுக்காது. பம்ப் இல்லாம பிரேக் பிடிக்காது. வண்டிய அங்கேயே போட்டுட்டு வாங்க."

அங்கேயே போட்டால் இரண்டாவது நடை இல்லை, வேலையும் இல்லை. அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து விம்மினான். கீழே இன்னும் ஒன்பது வளைவுகள் இருந்தன.

அவள் கதவருகே வந்தாள். கைக்கட்டுத் துணியில் புதிதாக ரத்தம் ஊறியிருந்தது.

"ஏறி உட்காரு," என்றான்.

"உட்கார்ந்தா குதிக்கணும். நீங்க முதல் கியர்ல மெதுவா உருட்டுங்க, நான் கூடவே நடந்து வரேன்."

கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் முன்சக்கரத்தோடு நடக்கத் தொடங்கினாள்.