மிர் நிலையத்தை நான் நிறுத்திவைத்த கதை, ராஜகுருவின் இடைச்செருகல்களோடு

1

ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையம் 1999-லேயே கடலில் விழுந்திருக்க வேண்டியது. அதை மேற்கொண்டு ஒன்றரை ஆண்டு வானத்தில் நிறுத்திவைத்தவன் நான். வில்லாபுரத்தில், என் வீட்டு மொட்டை மாடியில் நின்றபடி, லுங்கியோடு.

இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இப்படி ஒரு தொடக்கத்துக்குப் பிறகு யாராக இருந்தாலும் ஓய்வு வேண்டும்.

[நம்பாதீர்கள். – ரா.]

சதுர அடைப்புக்குள் பேசுவது நான் இல்லை. அது என் சிநேகிதன் ராஜகுரு. கதை பிறந்த விதத்தைச் சொன்னால் அவன் எப்படி உள்ளே நுழைந்தான் என்பது புரியும்.

போன மாதம், 2008 அக்டோபரில், முதல் சந்திரயான் கிளம்பியது. உடனே வில்லாபுரம் குடியிருப்போர் சங்கத்தார் ஆண்டு மலருக்கு விண்வெளி பற்றி இரண்டு பக்கம் கேட்டு வந்தார்கள். ஓய்வு பெற்ற தொலைபேசி மெக்கானிக்குக் கம்பியும் தெரியும், கம்பிக்கு மேலே இருக்கும் வானமும் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எழுத உட்கார்ந்தேன். எழுதியதை மறுநாள் என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கும் ராஜகுருவிடம் கொண்டுபோனேன். மதுரையில் என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதன் அவன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது என் நிபந்தனை. மனசு தாங்காத இடத்தில் அடைப்பு போட்டுக்கொள்வேன் என்பது அவன் நிபந்தனை. நான் பக்கம் பக்கமாகக் கொடுக்கிறேன், அவன் தட்டுகிறான், ப்ரூஃபில் அவன் அடைப்புகளைப் பார்த்து நான் பதில் சேர்க்கிறேன். கதை இப்படித்தான் வளர்ந்தது.

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: ‘பனிப்போர் முடிந்து உலகம் பெருமூச்சு விட்ட காலம் அது.’ அடித்துவிட்டேன். உலகம் பெருமூச்சு விட்டதை நான் பார்க்கவில்லை.

அடுத்தது: ‘அவன் வானத்தைப் பார்த்தான். வானம் அவனை’

அதோடு நின்றுவிட்டது. வானம் அவனை என்ன செய்யும்?

சரி, அரசியலைச் சொல்லிவிடுகிறேன். வாசகருக்குத் தெரிய வேண்டியது இம்புட்டுத்தான். மிர் ரஷ்யாவுடையது. பழசு, ஒழுகல், ஆனால் சொந்த வீடு. அமெரிக்கா பல நாடுகளைச் சேர்த்துக்கொண்டு புதிய நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. ரஷ்யாவுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டையும் நடத்த ரஷ்யாவிடம் வசதி இல்லை. ‘பழசை இறக்கிவிட்டு இங்கே வேலையைப் பார்’ என்றது அமெரிக்கா. சொந்த வீட்டை இடித்துவிட்டு மச்சான் வீட்டு மாடியில் குடிவரச் சொன்னால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

இதில் நமக்கும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ரஷ்யா நமக்குத் தருவதாக இருந்த கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜின் தொழில்நுட்பத்தை 1993-ல் அமெரிக்கா தடுத்தது. அன்று முதல் நான் ரஷ்யா கட்சி. ராஜகுரு அமெரிக்கா கட்சி.

[எனக்குக் கட்சி கிடையாது. எந்த ஊரில் செய்தாலும் நல்ல பொருள் நல்ல பொருள்தான்.]

அமெரிக்கா கட்சிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள்.

3

நாங்கள் இருவரும் ஹாம்கள். தேர்வு எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலியில் ஊர் உலகத்தோடு பேசுகிறவர்களுக்கு அந்தப் பெயர். என்னை இதில் இழுத்துவிட்டவனே ராஜகுருதான். தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். மிர் நிலையத்திலும் ஒரு ஹாம் வானொலி இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் அங்கிருப்பவர்கள் கீழே இருப்பவர்களோடு பேசுவார்கள். நிலையம் நம் தலைக்கு மேலே கடந்துபோகும் பத்து நிமிடத்துக்குள் பிடித்துவிட வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். பேசினேன் என்று நான் சொன்னால் போதாது. பேசிய ஆளும் ‘ஆமாம், பேசினேன்’ என்று தேதியும் நேரமும் போட்டு ஒரு அட்டை அனுப்ப வேண்டும். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். அது வரும்வரை நடந்த பேச்சும் நடக்காத பேச்சுதான். ஹாம் சங்கத்து மதுரைக் கிளைக்காரர்களின் அட்டைகள் எல்லாம் ஒரே கட்டாகச் செயலாளர் வீட்டுக்கு வரும். அவர் பிரித்துக் கொடுப்பார். பதினான்கு ஆண்டுகளாகச் செயலாளர் ராஜகுரு.

கிளையின் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே அவன் கையெழுத்தில் இருக்கிறது: ‘மிர், 18.7.1999, உறுதி செய்யப்படவில்லை.’ ஒன்பது வருடமாக அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் என் வியாதி. சர்க்கரை, ரத்த அழுத்தமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நான் அள்ளிவிடுகிறவன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பேரையூர்க் கண்மாயில் நான் பிடித்த விரால் மீனுக்குக் கண்டக்டர் அரை டிக்கெட் போட்டார் என்று சொல்லியிருக்கிறேன். கிளையில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். அது பொய். மிர் மட்டும் நிஜம். அதற்குத்தான் அம்புட்டுப் பேரும் சிரிக்கிறார்கள். செத்த பிறகும் அந்தப் பதிவேட்டில் புளுகனாகக் கிடக்க எனக்கு இஷ்டம் இல்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் அதுதான். சந்திரயான் ஒரு சாக்கு.

4

அன்று ஞாயிற்றுக்கிழமை. மஹால் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டு ஹாலில் ராஜகுரு நாற்பது பேரைக் கூட்டியிருந்தான். ‘மாலை 6.10க்கு விண்வெளி வீரருடன் நேரடிப் பேச்சு’ என்று நோட்டீஸ் அடித்திருந்தான். ஜப்பான் செட்டு, அமெரிக்க ஆன்டெனா. செட்டுக்கு மல்லிகைச் சரம். பத்திரிகை நிருபருக்கு முதல் வரிசை. அவன் மனைவி ஹம்சவேணி மூன்று அண்டாவில் காபி போட்டிருந்தார்.

[ஒரு அண்டா.]

முந்தின நாள் எனக்கும் போன் செய்தான்.

“மாப்ள, நாளைக்கு வந்துரு. ஆனா அந்தக் குழாயைத் தூக்கிட்டு வந்துறாத. பேப்பர்காரங்க வாராங்க, பாத்தாச் சிரிப்பாங்க.”

“எந்தக் குழாய்யா?”

“உன் ஆன்டெனாவைத்தான் சொல்றேன்.”

எங்கள் வீட்டு ஜன்னல் திரை மாட்டும் அலுமினியக் குழாய்களில் நானே செய்த ஆன்டெனா அது. செட்டும் நானே பற்றவைத்ததுதான். அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. மாடிக்குப் போனேன். நிலையம் நகர நகர ஆன்டெனாவையும் திருப்பிக்கொண்டே போக வேண்டும், அதற்கு ஒரு ஆள் தேவை. என் மனைவி ராக்கம்மாளைக் கூப்பிட்டேன்.

“ஏ ராக்கு, இதைப் பிடி. நான் சொல்லச் சொல்லத் திருப்பணும்.”

“அரிசி ஊறிக்கெடக்கு. மாவாட்டணும்.”

“பத்தே நிமிசம். ரஷ்யாக்காரன் மேல வாரான்.”

“வரட்டும். வந்து என் திரைத்துணிக்குக் குழாய் மாட்டிட்டுப் போகச் சொல்லுங்க. மூணு மாசமாச் சணல்ல தொங்குது.”

ஆனாலும் பிடித்தாள். 6.10க்கு என் அழைப்புக்குறியையும், மலை என்ற என் பெயரையும், ஊரையும் சொன்னேன். கரகரப்பு. மறுபடி சொன்னேன். மறுபடி கரகரப்பு. மூன்றாவது தடவை வானம் இரண்டாகப் பிளந்து, அவனியாபுரத்து நாய்கள் அத்தனையும் ஒரே சுருதியில்

[வேண்டாம்.]

சரி. மூன்றாவது தடவை பதில் வந்தது. ஒரு ஆண் குரல். உடைந்த ஆங்கிலம். என் ஆங்கிலமும் உடைந்ததுதான், இரண்டு உடைசலும் அழகாகப் பொருந்திக்கொண்டன. அவர் பெயரை மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். கதைக்கு ‘மேலே இருந்தவர்’ என்பது போதும்.

“மலை, மதுரை, ஃபைவ் நைன்” என்றார். குரல் முழுத் தெளிவாகக் கேட்கிறது என்று அர்த்தம். எங்கள் கூட்டத்தில் அதற்கு மேல் மார்க் கிடையாது.

“நிலையத்தைக் கீழே இறக்கப்போகிறார்களாமே?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.”

“இறக்க வேண்டாம். மதுரை சொல்கிறது. உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.”

அவர் சிரித்தார். தலைக்கு மேல் நானூறு கிலோமீட்டரில் ஒரு மனிதன் என் பேச்சுக்குச் சிரித்தான். “சொல்கிறேன், மலை” என்றார். அதற்குள் ராக்கம்மாள் கை மாற்றினாள், குழாய் சாய்ந்தது, குரல் போய்விட்டது.

“யாருங்க அது?”

“ரஷ்யாக்காரன்னு சொன்னேன்ல!”

“ரஷ்யாக்காரனோ ரயில்வேக்காரனோ, உங்ககிட்டப் பேசுனா எல்லாருந்தான் சிரிக்கிறாக” என்று மாவாட்டப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அங்கிருந்தவர்கள் கீழே இறங்கினார்கள். நிலையம் இறங்கவில்லை. 2001 மார்ச் வரை சுற்றிக்கொண்டிருந்தது. நீங்களே கூட்டிப் பாருங்கள்.

[ரஷ்யாவின் தயக்கம். தனியார் உதவி. புதிய நிலையம் தாமதமானது. காரணங்கள் இவை.]

இவை துணைக் காரணங்கள்.

5

ராஜகுரு வீட்டில் அன்று யாரும் விண்வெளி வீரரோடு பேசவில்லை. ‘அயனமண்டலம் சரியில்லை, சிக்னல் இல்லை’ என்று அறிவித்தானாம். அயனமண்டலம் என்பது வானொலி அலைகளைத் தரைக்குத் திருப்பிவிடும் மேல்காற்று அடுக்கு. நாற்பது பேரும் காபியைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறு வாரம் கிளைக் கூட்டத்தில் எழுந்து நான் நடந்ததைச் சொன்னேன்.

“ஏன் மாப்ள, ஜப்பான் செட்டுல விழாத சிக்னல் திரைத்துணிக் குழாயில விழுந்துருச்சா?” என்றான் ராஜகுரு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “அட்டை வரட்டும். பதிஞ்சுக்கிறேன்.”

என் அட்டையை ரஷ்யாவுக்கு அனுப்பினேன். பதில் அட்டை வரவில்லை.

இந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. ராஜகுரு என்கிற பாத்திரம் சரியாக அமையவில்லை. இருவரும் கேட்டது ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில். நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. மேலே இருந்தவர் எனக்குச் சொன்ன பதில் அந்த ஜப்பான் செட்டிலும் விழுந்தே ஆக வேண்டும். அயனமண்டலத்துக்கும் அந்த அலைவரிசைக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். பிறகு ஏன் அந்தப் பாத்திரம் அப்படிப் பேசுகிறது? ஒன்பது வருடம் கோபத்திலேயே இருந்ததால் இது எனக்கு உறைக்கவில்லை. எழுதிப் பார்க்கும்போதுதான் இடிக்கிறது.

[ ]

மேலே இருப்பது அச்சுப் பிழை இல்லை. ப்ரூஃபில் பார்த்தேன். அடைப்பைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடியிருக்கிறான். பஸ் ஏறி ஆரப்பாளையம் போனேன்.

“என்ன மாப்ள, அடைப்புக்குள்ள ஒண்ணையும் காணோம்?”

“கீபோர்டு மக்கர்.”

“ரெண்டு பக்கமும் அடைப்பு விழுந்திருக்கு. நடுவுல மட்டும் மக்கரா?”

வெளியே கண்டக்டர்கள் தேனி, தேனி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் தேனிக்குப் போகிறவன் மாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யோவ், முடிவை எழுதிக் குடுத்துட்டுப் போய்யா. அச்சகத்துக்குப் போகணும்ல” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜகுரு என் முகத்தைப் பார்க்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

6

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: ரஷ்யாவிலிருந்து ஒரு பெரிய கார் வில்லாபுரத்துக்கு வருகிறது. சந்தில் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்கிறது. தெருவே சேர்ந்து தள்ளுகிறது. எனக்குப் பதக்கம், ராக்கம்மாளுக்கு இரண்டு செட் திரைக்குழாய். இதை எழுதும்போது நானே கைதட்டிக்கொண்டேன்.

இரண்டு: அட்டை வரவே இல்லை. மிர் கடலுக்குள், நான் பதிவேட்டுக்குள். கதை முடிந்தது. இதை எழுதிவிட்டு அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரண்டையும் அடித்துவிட்டேன். மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்று ஒரு முறை இருக்கிறதே, அதையே செய்கிறேன். என் முதல் வாசகன் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறவன்தான். மாப்ள, கீழே அரைப் பக்கம் வெற்றாக விட்டிருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் எழுது. ‘உறுதி செய்யப்படவில்லை’ என்றே எழுதினாலும் சரி. ப்ரூஃப் பார்க்க வர மாட்டேன். நீ தட்டியது தட்டியபடி அச்சுக்குப் போகட்டும்.

[அரைப் பக்கம் விட்டிருக்கிறான். எனக்குக் கால் பக்கம் போதும்.

அன்று 6.12க்கு என் செட்டில் ஒரு குரல் கணீரென்று விழுந்தது. ‘மலை’ என்றது. அடுத்த வார்த்தை வருவதற்குள் ஒலியைத் திருகிக் குறைத்துவிட்டேன். நாற்பது பேர், நிருபர், மல்லிகைச் சரம். அந்தக் குரல் என்னைக் கூப்பிடவில்லை, திரைக்குழாயைக் கூப்பிட்டது. எனக்குத் தாங்கவில்லை. அயனமண்டலம் என்றேன். ஹம்சவேணி மட்டும் என் விரலைப் பார்த்துவிட்டாள். அன்று முதல் எனக்கு வீட்டில் ஆறின காபிதான்.

அட்டை அடுத்த வருடம் பிப்ரவரிக் கட்டில் வந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று மேஜை இழுப்பறையில் வைத்தேன். எட்டு வருடமாக நாளை வரவில்லை. இந்தக் கதை முழுவதையும் அதே மேஜையில் உட்கார்ந்துதான் தட்டினேன்.

வல்லரசுகள் ஒரு நிலையத்துக்காகச் சண்டை போட்டன. நான் ஒரு திரைக்குழாயோடு போட்டேன்.

பதிவேட்டைத் திருத்திவிட்டேன். நீ வராவிட்டாலும் ப்ரூஃப் உன் வீட்டுக்கு வரும்; அட்டை அதே உறையில் இருக்கிறது. அதில் தேதி சரி, நேரம் சரி. பின்பக்கம் பேனாவில் ஒரு வரி இருக்கிறது: ‘மதுரை சொன்னதை அவர்களிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள்.’

அதனால்தான் ஒன்றரை ஆண்டு மேலே நின்றதா என்று எனக்குத் தெரியாது, மாப்ள. ஆனால் நீ பேசினாய். அவர் கேட்டார். நானும் கேட்டேன்.

நடந்தது. – ரா.]