வலது பக்கம்

அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர், ஓய்வு பெற்ற மறுவாரமே ஆசைப்பட்ட பழைய ஸ்டீரியோ ரிசீவரை வாங்கிவிட்டார். முப்பது கிலோ கனம்; குமிழைத் தொட்டாலே ஜன்னல் அதிரும். ஆனால் வலது ஸ்பீக்கர் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து முனகியது. விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். வயர்களை இடம் வலமாக மாற்றிச் செருகினார். கோளாறு ரிசீவரில் என்றால் இடது பக்கம் தாவியிருக்கும். தாவவில்லை. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினார். அப்போதும் வலதுதான்.

"ரெண்டும்தான் காது கிழியக் கத்துதே, இன்னும் எதை நோண்டுறீங்க?" என்றாள் மனைவி.

"உனக்கென்னடி தெரியும்!" என்று எரிந்து விழுந்தவர், சட்டென்று நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இத்தனை நேரம் நன்றாகப் பாடிய இடது ஸ்பீக்கர் இப்போது கிணற்றுக்குள் போயிருந்தது.

முப்பது வருஷமும் மெஷின் அவருக்கு வலது பக்கம்தான் ஓடியது.