பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சு

கதை எழுதிப் பழகாத கை இது. வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். அடுத்த வீட்டுக் கணவன் மனைவி விஷயத்தைப் பொதுவில் வைப்பது மரியாதையாகுமா என்று வெகுவாகத் தயங்கிய பிறகே இதைச் சொல்லத் துணிவு வந்தது. குறையிருப்பின் அது சொன்ன விதத்தின் குறை. கொர்னேலியஸ் அவர்களுடையது அன்று.

அந்த ஞாயிறு ஆராதனையில்தான் கொர்னேலியஸ் தம் மனைவி பியூலாவை நடைபாதைக்கு அப்பாலிருந்து பார்த்தார். செகந்தராபாத்தின் அந்தத் தமிழ்ச் சபையில் ஆண்கள் வலப்புறமும் பெண்கள் இடப்புறமும் அமர்வது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். அவர் ஒருவருக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. மகள் எமி கைக்குழந்தையாயிருந்தபோது வந்த ஒரு காய்ச்சல், பியூலாவின் செவிகளைத் தூர்த்துவிட்டுப் போயிற்று. அன்று முதல் பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சில், மனைவிக்கு இடப்புறம் அமர்ந்து, சபைப் போதகரான ஐயர் சொல்லும் பிரசங்கத்தை வாக்கியம் வாக்கியமாக அவள் காதோரம் சொல்லிவந்தார். கேட்பதற்காக அவள் தோள் அவர்மேல் சாய்ந்திருக்கும். அந்தப் பாரத்துக்குப் பழகியே அவருடைய வலத்தோள் சற்றுத் தாழ்ந்துவிட்டது என்று எமி கேலி செய்வதுண்டு.

இத்தனைக்கும் அவர் கருவிகளுக்குப் பகைவர் அல்லர். பாலாநகரில் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மௌலா அலி பகுதியில் இருந்த அவர் வீட்டின் கண்ணாடி அலமாரியில், மனிதன் காதுக்காகப் பட்ட பாடு அத்தனையும் வரிசையாக இருந்தது. ஜுமேராத் பஜார் பழைய சாமான் சந்தையில் கிடைத்த பித்தளைக் கேட்புக் குழல், ஊமத்தம்பூப் போல வாய் விரித்து நின்றது. அதற்கடுத்து, சட்டைப் பையில் வைத்து ஒயரைக் காதுக்கு இழுத்துக்கொள்ளும் சிகரெட் பெட்டியளவு எந்திரம். பியூலாவுக்கென்று வாங்கிய முதல் கருவி அது. "தாலியோட சேத்து ஒயரையும் தொங்க விடணுமா?" என்று அவள் கழற்றி வைத்ததுதான். பின்னால் வந்தவை சிறுத்தன. ஆனால் சமயம் பார்த்து விசிலடித்தன. ஒவ்வொன்றும் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் வருத்தப்பட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

எமி வாங்கி வந்த இந்தப் புதிய காதுக் கருவி இணை விசிலடிக்கவில்லை. பாக்குத் துண்டளவே இருந்துகொண்டு, சந்தடியைத் தள்ளிப் பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்தது. "என்ன மூளைட்டி இது, என்ன மூளை!" என்று உள்ளங்கையில் வைத்து உண்மையாகவே வியந்தார். அன்று மாலையே வியப்பு புளித்துப்போயிற்று. வாசலில் பால்காரர் கூப்பிட்டபோது அவருக்கு முன் பியூலா எழுந்தாள். எமியின் அழைப்பை அவளே எடுத்து, அடுக்களைக்குப் போய்ப் பேசினாள், நடுநடுவே சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சக்களத்திப் பொறாமை பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தவருக்கு, அதன் காரம் அப்போது தெரிந்தது.

சபைக் கமிட்டியில் இருக்கும் ரஞ்சன், மிகுந்த மரியாதையுடன்தான் சொன்னான். "டென்ஷன் நக்கோ அங்கிள், கவலையே வேணாம். ஆன்ட்டிக்குத்தான் மெஷின் வந்தாச்சுல்ல? இனி நம்ம சைடு வந்துருங்க."

அருகில் நின்ற சாந்தா டீச்சர், "அண்ணனுக்கு எங்க பக்கத்து ஃபேன் காத்துதான் பிடிக்கும் போல," என்றார். பியூலாவும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது மூன்றாம் பெஞ்சில், அவருடைய இடத்தில், சாந்தா டீச்சர் அமர்ந்திருந்தார். பியூலா நிமிர்ந்து, யார்மேலும் சாயாமல், ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன் என்பதால், கருவியின் செயலியை எமி அப்பாவின் போனில்தான் ஏற்றியிருந்தாள். கொர்னேலியஸ் வேதாகமத்துக்குள் போனை வைத்தார். திரையில் ஒலியின் கோடு பச்சையாக ஒளிர்ந்தது. விரலால் கீழே இழுத்தார். இன்னும் சற்று இழுத்தார். இதோ, இப்போது திரும்புவாள். அவர் எழுந்து போவார். ரஞ்சன் கூட ஒன்றும் சொல்ல முடியாது.

பியூலா திரும்பினாள். சாந்தா டீச்சர் பக்கம் திரும்பி, இடக்காதைச் சாய்த்தாள். டீச்சர் வாயைக் கையால் மறைத்து ஏதோ சொன்னார். அவள் தோள் டீச்சரின் தோளைத் தொட்டது.

கொர்னேலியஸ் கோட்டை அவசரமாக மேலே தள்ளினார்.

திரும்பும்போது ஆட்டோ மேட்டுகுடாவைத் தாண்டியது. பிறகு, "சத்தத்தக் கொறைச்சா காதுக்குள்ள மணி மாதிரி ஒண்ணு அடிக்கும் அத்தான். ஒங்களுக்குத் தெரியாதோ?" என்றாள்.

கையேட்டை வரி விடாமல் படித்தவர்தான் அவர். ஆனால் அணிந்தவருக்கு மட்டுமே கேட்கும் அந்த மணி அவர் நினைவுக்கு வரவில்லை.

"நாந்தான்னு தெரிஞ்சும் பின்ன ஏன் டீச்சர்ட்ட கேட்ட?"

"ஒங்களப் பாத்திருந்தா, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கொறைப்பீங்க."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். அவளே தொடர்ந்தாள். "அது கெடக்கட்டும். இந்த ஐயர் ஒரு ஜோக்குகூடச் சொல்ல மாட்டாரா? இத்தன வருசமா பெரிய தமாஷ்காரர்னுல்லா நெனச்சிருந்தேன்."

வறட்டுப் பிரசங்கங்களுக்குத் தாளிதம் போட்டது யாரென்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை; அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எமியின் பழைய டச் போனைத் தேடி எடுத்து, "இதுல போட்டுத் தாங்க," என்று நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம் போனிலிருந்து கருவியைப் பிரித்து அவளுடையதில் இணைத்தார். வேலை சுத்தமாக முடிந்தது. பியூலா பச்சைக் கோட்டைத் தன் விரலால் மேலே தள்ளினாள். வெளியே வேப்பமரத்தில் குயில் கூவியது. ஜன்னல் வரை போனவள் அங்கேயே நின்றாள்.

"அத்தான், எமி மொத மொதல்ல பேசினப்ப, நான் சமையக்கட்டுல நின்னேன். ஓடி வந்து நீங்கதான் சொன்னீங்க, 'அம்மான்னு சொல்லுதா'ன்னு."

"ஆமா."

"நெசமாவே அம்மான்னுதான் சொன்னாளா?"

கொர்னேலியஸ் அலமாரியைப் பார்த்தார். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, அதற்குச் சாட்சி அவருடைய வாய் ஒன்றுதான். பித்தளைக் குழல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பியூலா திரும்பாமல் காத்திருந்தாள். அவள் காதோரத்தில் கருவியின் சிறு விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது.

அவரை விட்டுப் போனவற்றைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான்: பெண்கள் பக்கத்தில் ஓர் இடம். வலத்தோளில் ஒரு பாரம். ஐயர் சொல்லாத நகைச்சுவைகள். ஒரு குழந்தையின் முதல் சொல்.