ஆறாத டிரம்

1

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குப் ‘பள்ளியும் பசுமையும்’ என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் மும்பை தாராவியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். பின்சுவரோரம் ஓட்டை போட்ட நீல டிரம்கள். மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய கிச்சடி, வாழைப்பழத்தோல், சருகு எல்லாம் அவற்றில் உரமாகின்றன. மாட்டுங்காவிலிருந்து தினமும் வருகிற ஷ்யாமளா டீச்சர்தான் பொறுப்பு. நான் கிளம்பும் நேரத்தில் மூன்றாவது டிரம்மின் கதையைச் சொல்லி முடித்து, “இதைக் கட்டுரையா எழுதாதேள். கதையா எழுதுங்கோ. அப்போ யாரும் நம்பமாட்டா” என்றார்.

ஆகவே இது கதை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: தாராவியின் சந்துகளில் வெயில் நுழைவதற்கு முன்பே குப்பை நுழைந்துவிடும், அந்தக் குப்பையின் நடுவே—

(வேண்டாம். தாராவி என்றதும் எல்லோர் கையும் இதைத்தான் எழுதுகிறது. இந்தக் கதைக்குச் சந்து வேண்டாம், ஒரு வகுப்பறை போதும்.)

ஷ்யாமளா மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்: “செத்துப்போனது எதுவும் வீணாப் போறதில்லை கொழந்தைகளா. டிரம்ல போட்டா சூடாகும், மண்ணாகும், அப்புறம் உயிரா திரும்பி வரும்.” வருஷா வருஷம் சொல்லிப் பழகிய வாக்கியம்.

மாரிசெல்வி எழுந்து நின்றாள். “எம்புட்டு நாளாகும் டீச்சர்?”

“ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

வாழைப்பழத்தோலைப் பற்றிக் கேட்கிறாள் என்றுதான் ஷ்யாமளா நினைத்தார். மாரிசெல்வியின் அம்மா காய்ச்சலில் இறந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மழைக்காலம் இன்னும் முடியவில்லை.

3

உரம் சூடாவது இயல்பு. உள்ளே நுண்ணுயிர்கள் தின்று செரிக்கிற சூடு அது. சில வாரங்களில் தானாக ஆறிவிடும். (கட்டுரைக்காக எழுதிய வரிகள். மனத் தைரியத்துக்காக இங்கேயே விட்டுவைக்கிறேன்.)

மற்ற டிரம்கள் ஆறின. மூன்றாவது ஆறவில்லை. கிளறினார்கள். சருகு சேர்த்தார்கள். புதிதாக எதுவும் போடாமல் நிறுத்திவைத்தார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோதும் சுட்டது. வாடை இல்லை, ஈ இல்லை. காகம்கூட அந்த மூடிமேல் மட்டும் உட்காருவதில்லை என்று—

(அடித்துவிட்டேன். காகம் நான் சேர்த்தது. சூடு நான் சேர்த்ததல்ல.)

ஒரு நாள் இடைவேளையில், டிரம்மில் கன்னத்தை ஒட்டவைத்தபடி மாரிசெல்வி நிற்பதை ஷ்யாமளா பார்த்தார்.

“என்னடி பண்றே அங்க?”

“சும்மாதான் டீச்சர்.” பிறகு, உள்ளே யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்கம்மாவுக்கு இன்னும் காய்ச்ச விடல.”

(ஒரு எட்டு வயதுப் பிள்ளை இப்படிச் சொல்லியிருக்குமா? எனக்கும் சந்தேகம்தான். ஷ்யாமளாவிடமே கேட்டேன். அதே வார்த்தைகளை இன்னொரு முறை சொன்னார்.)

தலை வாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி, அவள் அம்மா சுவர் இடுக்கில் செருகிவைப்பாள். முடி வாங்குபவர் வந்தால் பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? அந்தச் சுருளைத்தான் மாரிசெல்வி கொண்டுவந்து டிரம்மில் போட்டிருந்தாள்.

4

அவளுடைய அப்பா கணேசபாண்டியனை ஷ்யாமளா வரவழைத்தார். தோல் பட்டறையில் பை தைக்கிறவர்; வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இருவருமாக டிரம்மைத் தார்ப்பாயில் கவிழ்த்தார்கள். எல்லாம் கறுத்து, பொடிந்து, நல்ல மண்ணாகியிருந்தது. நடுவில் முடி மட்டும் அப்படியே கிடந்தது.

“முடி சீக்கிரத்துல மக்காது” என்றார் ஷ்யாமளா. உண்மைதான். ஆனால் அதில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

கணேசபாண்டியன் ஓர் இழையைப் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. சட்டென்று விட்டுவிட்டார்.

“அவளுக்கு முடி இடுப்பு வரைக்கும்கூடக் கெடையாது டீச்சர். இது என்னன்னே தெரியல. கொண்டுபோயி கடல்ல போட்டுருதேன்.”

“வேண்டாம்ப்பா!” மாரிசெல்வி குறுக்கே வந்து நின்றாள். “காய்ச்சலோட தண்ணில போடாதப்பா.”

குழாயடிக்கு ஓடிப்போய்க் கைக்குட்டையை நனைத்து வந்தாள். பிழிந்து, மடித்து, அந்தச் சுருளின்மேல் வைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் இதேபோல் செய்ததைப் பார்த்தவர் கணேசபாண்டியன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அறிவியல் படித்த ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் கணேசபாண்டியனின் விரலிலிருந்து நீண்ட அந்த இழையை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. இன்னொன்றில் அந்த மண்ணில் ஒரு செடி முளைத்துப் பூ— கூச்சமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள். நான் போன அன்று எது மக்கும், எது மக்காது என்று எனக்கே பாடம் எடுத்தாள். ஷ்யாமளாதான் ‘உயிரா திரும்பி வரும்’ என்ற அந்த வாக்கியத்தை இப்போது வகுப்பில் சொல்வதில்லை.

எழுதாமல் மிச்சம் வைத்திருப்பது டிரம்மைக் கவிழ்த்த அன்றைய கடைசிக் கொஞ்ச நேரத்தை மட்டுமே. நனைத்து வைத்த கைக்குட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது. மாரிசெல்வி அதை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“விட்டுருச்சா டீச்சர்? தொட்டுப் பாருங்க.”

ஷ்யாமளா குனிந்து புறங்கையை வைத்தார்.

கைக்குத் தெரிந்தது என்ன, வாய் சொன்னது என்ன என்று இரண்டையும் அவர் என்னிடம் சொல்லிவிட்டார். இரண்டும் ஒன்றல்ல. நான் எதையும் எழுதப்போவதில்லை. பிள்ளை இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குனிந்து, கையை வையுங்கள்.