பாட்டுக் கூலி

மரக்காணம் உப்பளத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்து மேஸ்திரியுடையதுதான். சனிக்கிழமை மொத்தக் கூலியையும் சிங்காரம் மேஸ்திரி வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அதனால்தான் பொம்மையார்பாளையத்து வெற்றிச்செல்வன் ஒரு ஃபாரத்தை நீட்டி, "பாட்டு எழுதினவங்க இதுல கையெழுத்துப் போடணும்" என்றபோது யுவராணி யோசிக்கவே இல்லை. "மேஸ்திரிகிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டு உப்பு வாரப் போய்விட்டாள்.

பாட்டு அவளுடையது. உப்புப் பாத்தியில் நின்றுகொண்டே கட்டியது. மெட்டுப் போட்டு, ஆள் வைத்துப் பாட வைத்தவன் வெற்றிச்செல்வன். எஃப்எம்மில் அது சக்கைப்போடு போட்டது. ரேடியோக்காரர்கள் கட்டும் பணத்தைச் சங்கம் ஒன்று வாங்கி, எழுதியவருக்கு ஒரு பங்கு, மெட்டுப் போட்டவருக்கு ஒரு பங்கு என்று அனுப்புமாம்.

அனுப்பியது, ஃபாரத்தில் எழுதியவர் என்று கையெழுத்துப் போட்டிருந்த சிங்காரத்தின் கணக்குக்கு. அறுநூறு ரூபாய். மனிதர் அயோக்கியர் இல்லை. வழக்கப்படி மேஸ்திரி பங்கு போக, பதினாலு பேருக்கும் சமமாகப் பிரித்தார். யுவராணி கைக்கு வந்தது நாற்பது.

பணம் போனால் போகட்டும். "பாடலாசிரியர் சிங்காரம்" என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. கேட்டும் பார்த்தாள்.

"யார் பேர்ல வந்தா இன்னாம்மா? எல்லாருக்கும்தான பிரிச்சிக் குடுத்தேன்" என்றார் அவர். சட்டைப்பையில் புதுப் பேனா வேறு மின்னியது. அந்தப் பாட்டை அவர் முழுசாகக் கேட்டதே இல்லை. அது ஓடும் ஒன்பது மணிக்கு அவர் கறுப்புக் குடையடியில் ஒரு தூக்கம் போடுவது வழக்கம்.

ஒருநாள் ரேடியோவிலிருந்தே போன் வந்தது. நேரலையாம். சிங்காரம் ஸ்பீக்கரைப் போட்டார். பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். அறிவிப்பாளர் அஸ்வினி, "ரெண்டாவது சரணம்தான் சார் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கேட்டுட்டுப் பேசலாம்" என்று பாட்டைப் போட்டாள்.

"வெள்ளை உப்பை வாரி நாங்க வெந்து கறுக்குறோம்
கறுப்புக் குடைக்காரர் மட்டும் கண்ணு சொக்குறார்."

சிங்காரம் தலைக்கு மேலே பார்த்தார். மெதுவாகக் குடையை மடக்கினார்.

"யாரு சார் அந்தக் குடைக்காரர்? உங்க சொந்த அனுபவமா?"

உப்பள முதலாளி அப்பாதுரை காரில் வரும்போது கேட்பது இந்த எஃப்எம்தான். சிங்காரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "அம்மா, அதை நான் எழுதலீங்க. கையெழுத்து மட்டுந்தான் என்னுது. எழுதினது யுவராணி. இதோ, பக்கத்துலயே நிக்கிது" என்று போனை அவள் கையில் திணித்தார்.

"அப்ப நீங்க சொல்லுங்க யுவராணி. யாரு அவரு?"

சிங்காரம் இரண்டு கையையும் கூப்பினார். உண்மை அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவளுக்கு வேண்டியது வேறு.

"யாரோ ஒருத்தருங்க. எழுதினவ பேரை மட்டும் இன்னொருவாட்டி நல்லா சத்தமா சொல்லிடுங்க."

அஸ்வினி சொன்னாள். "பாடலாசிரியர் யுவராணி." யுவராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெற்றிச்செல்வன் புது ஃபாரம் கொண்டுவந்தான். சிங்காரத்தின் பேனாவையே வாங்கி யுவராணி கையெழுத்துப் போட்டாள். அடுத்த முறை பணம் அவள் கணக்குக்கு வந்ததும், நாற்பது ரூபாயை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"உங்க பங்கு. நீங்க தூங்கலன்னா ரெண்டாவது சரணம் ஏது மேஸ்திரி?"