இரண்டு கட்சிக்கு ஒரு பேனா

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் தொங்கிய பதாகையைப் பழுப்புத் தாளால் மூடுவதுதான் அன்றைக்கு முதல் வேலை. வாக்குச்சாவடிக்குள் எந்தப் பக்கத்துப் பிரசாரமும் கண்ணில் படக்கூடாது என்பது சட்டம். 'திருமணம்: ஓர் ஆண், ஒரு பெண், ஒரே தேவன்' என்று துணியில் வெட்டி ஒட்டிய நீல எழுத்துகள். லோவெல் ஸ்டூலில் ஏறித் தாளைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். ஆர்டிஸ் கீழே நின்று டேப்பைக் கிழித்துக் கொடுத்தார்.

"ரொம்ப ஆசையா மூடுற மாதிரி இருக்கே, லோவெல்."

"சட்டம் சொல்லுது, மூடுறேன்."

"சட்டத்துக்கு ஒரு தாள் போதும். நீ ரெண்டு ஒட்டுற."

"ஒண்ணு ஒட்டுனா எழுத்து தெரியுது. உன் தேவன் கொஞ்சம் தடிமனா இருக்கார்."

ஆர்டிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். பெரிய காப்பிப் பாத்திரம் உறுமத் தொடங்கியிருந்தது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்தார்கள். சாவடியில் இரண்டு கட்சி ஆட்களும் இருந்தாக வேண்டும். ஆர்டிஸ் குடியரசுக் கட்சி. லோவெல் ஜனநாயகக் கட்சி. மினசோட்டாவின் அந்த வடமேற்கு மூலையில் ஜனநாயகக் கட்சிக்காரரைத் தேடிப் பிடிப்பது கடினம், அதனால் தொலைபேசி எப்போதும் லோவெல்லுக்குத்தான் வரும். சர்க்கரை பீட்ரூட் ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, படிப்பு அதிகம். சாவடி வேலை அவருக்குப் பிடித்திருந்தது. பேனாவைக் கொடு, தாளைக் கொடு, வழியைக் காட்டு. மற்றபடி மௌனம்.

ஆனால் 2012 நவம்பரில் வந்த வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி இருந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது மட்டுமே திருமணம் என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதிவிடலாமா? ஆம் அல்லது வேண்டாம். பக்கத்திலுள்ள வட்டத்தை நிரப்ப வேண்டும்.

லோவெல்லும் அவர் துணைவர் ஆர்லனும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் மணம் செய்துகொள்ள அப்போதும் வழியில்லை. சாசனத்திலும் ஏறிவிட்டால் அவர்கள் ஆயுளுக்குள் அது இறங்காது. போன குளிர்காலம் ஃபார்கோ நகர மருத்துவமனையில் ஆர்லனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு செவிலி, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டார். "நண்பர்," என்றார் லோவெல். நல்ல பெண்தான். தலையசைத்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்.

"காலியா விட்டா 'வேண்டாம்'னு கணக்காம்," என்றார் ஆர்டிஸ், சீட்டுக் கட்டைப் பிரித்தபடி. "என்ன நியாயம் இது?"

"நம்ம மாநிலத்து நியாயம். நூறு வருஷத்துக்கு மேல இருக்கு. சாசனத்தை மாத்தணும்னா, மாத்துன்னு வாயைத் திறந்து சொல்றவங்க பாதிக்கு மேல வேணும்."

"பேசாம இருந்தா வேண்டாம்னு அர்த்தமா? என் வீட்டுக்காரர் பேசாம இருந்தே நாப்பது வருஷம் என்னோட குடும்பம் நடத்துனார்."

"அவர் என்ன அர்த்தத்துல பேசாம இருந்தாரோ."

"காப்பி வேணுமா, வேண்டாமா உனக்கு?"

கதவைத் திறந்தார்கள். வரிசை படிக்கட்டு வரை நின்றது. ஞாயிற்றுக்கிழமை சபையார் உட்காரும் அதே மடக்கு நாற்காலிகள்தான். செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவுக்காக வேறு திசை பார்த்துப் போட்டிருந்தது. லோவெல் ஒவ்வொருவருக்கும் சீட்டைக் கொடுத்தார். முடித்து வந்தவர்களின் கோட்டில் ஒட்டிக்கொள்ள 'வாக்களித்தேன்' என்ற சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார். பெரும்பாலோர் அவருக்குத் தெரிந்தவர்கள். பனி கொட்டிய நாளில் கேட்காமலேயே லோவெல் வீட்டு வாசலை வழித்துவிட்டுப் போன பக்கத்துப் பண்ணைக்காரர் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"ஆர்லனுக்கு நெஞ்சு எப்படி இருக்கு? வீட்டுல கோழி சூப் வச்சிருக்கா. சாயங்காலம் கொண்டாரேன்."

"நல்லா இருக்கான். சொல்றேன்."

பண்ணைக்காரர் மறைப்புக்குள் போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அவர் என்ன நிரப்புவார் என்று லோவெல்லுக்கு ஏறக்குறையத் தெரியும். அவர் வீட்டு வேலியிலேயே 'ஆம்' என்ற பலகை நட்டிருந்தது. சூப்பும் நிச்சயம் வரும். வெறுக்கத் தோதான மனிதர்களாக இருந்திருந்தால் இவ்வளவு களைப்பு இராது என்று அவருக்குத் தோன்றியது.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதற்காக யாரோடும் சண்டை போட்டதில்லை. சிலருக்குப் பாட்டு வராது. அதைப் போல, அவருக்கு அது வரவில்லை. ஆர்லனுக்கு இரண்டும் வந்தது. இதே தேவாலயத்தில், தலைக்கு மேலே இருந்த ஆர்கனை இருபது வருஷம் வாசித்தவர். இருவரும் சேர்ந்து வீடு வாங்கிய மறு வருஷம், ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் போனார். சாவி பூட்டில் திரும்பவில்லை. பூட்டை மாற்றியிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேறொருவர் வாசித்தார். பாஸ்டர் லிண்டால் வழக்கம்போலப் பிரசங்கம் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவார். அவ்வளவுதான்.

"திட்டியிருந்தாக்கூடப் போதும்டா," என்பார் ஆர்லன். "நீ பாவின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா வாங்கிக்கிட்டு வேற சபைக்குப் போயிருப்பேன்."

அவர் எந்தச் சபைக்கும் போகவில்லை. இந்தக் கட்டடத்தின் படியையும் மிதிக்கவில்லை. முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்து அஞ்சலில் வாக்களித்துவிட்டார். அந்தச் சாவி மட்டும் இன்னும் அவர் கொத்தில் தொங்கியது.

மதியத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. அப்போதுதான் படிக்கட்டில் தடி தட்டும் ஓசை கேட்டது. ஆர்டிஸ் எழுந்து ஓடினார். பாஸ்டர் லிண்டால் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கி வந்தார். ஓய்வு பெற்று நெடுநாளாகிறது. கோட்டுக்குள் ஆள் சுருங்கியிருந்தார். கண் விழிகள் எதையும் பிடித்து நிற்கவில்லை.

"எனக்கு யாராவது படிச்சுக் காட்டி நிரப்பணும்மா," என்றார். "நடுவுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. ஓரம் மட்டும் தெரியுது."

அதற்கும் ஒரு விதி உண்டு. உதவி கேட்பவருக்கு இரண்டு கட்சிகளிலிருந்தும் ஒவ்வொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் படித்து நிரப்புவார். மற்றவர் அது சரிதானா என்று பார்ப்பார். இரண்டு கட்சிக்கு ஒரு பேனா. ஆர்டிஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். லோவெல்லைத் தவிர அந்தப் பக்கத்து ஆள் யாரும் இல்லை.

"கொஞ்ச நேரம் உக்காந்திருக்கீங்களா பாஸ்டரய்யா? அடுத்த ஆள் மாத்த வருவாங்க."

"இப்ப யாரு இருக்கா?"

ஆர்டிஸ் லோவெல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இருக்கேன்," என்றார் லோவெல்.

பாஸ்டர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"லோவெல்லே படிக்கட்டும்," என்றார். "எடைமேடை மைக்குல இவன் லாரியைக் கூப்பிடுறது எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்கும். இப்ப மெதுவாப் படி, போதும்."

சமையலறை ஓரத்து மேசையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். லோவெல் தாழ்ந்த குரலில் படித்தார். பாஸ்டர் வேட்பாளர் பெயரைச் சொன்னார். லோவெல் வட்டத்தை ஓரம் தாண்டாமல் நிரப்பினார். ஆர்டிஸ் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். தேசத்துக்கு, மாநிலத்துக்கு என்று இறங்கி வந்து, திருத்தங்கள் என்ற தலைப்பில் விரல் நின்றது.

அதன் கீழ் அச்சிட்டிருந்த வரியை லோவெல் படித்தார். வாக்களிக்காமல் விட்டால் வேண்டாம் என்று வாக்களித்ததற்குச் சமம். அடுத்து கேள்வியைப் படித்தார். தன் குரல் லாரி எண்ணைச் சொல்வது போல இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. பேனா 'ஆம்' என்ற வட்டத்துக்கு மேலே தானாகப் போய் நின்றது. வேறு எங்கே நிற்கப் போகிறது? இந்த மனிதர் சொல்வார், இந்தக் கை நிரப்பும். அதையும் ஒழுங்காக நிரப்ப வேண்டும், இயந்திரம் படிக்கும்படி.

காப்பிப் பாத்திரம் இரைந்தது. பாஸ்டர் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதை விட்டுடு," என்றார்.

"விட்டுடவா?"

"அடுத்ததுக்குப் போ."

கிழவர் அந்த வரியைக் கேட்டாரா? லோவெல் வேகமாகத்தான் படித்திருந்தார். வம்பு வேண்டாமென்று ஒதுங்குகிறவர், ஒதுங்கினால் அது எந்தப் பக்கம் விழும் என்று அறியாமலேயே ஒதுங்கியிருக்கலாம். இப்போது அடுத்த கேள்வியைப் படித்துவிட்டால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது; ஒரு முறை படித்தாயிற்று. அவர் ஆர்டிஸைப் பார்த்தார். ஆர்டிஸும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே நினைவூட்டியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. உன் கையில்தான் இருக்கிறது என்பது போல இருந்தார்.

ஆர்லன் வெளியே குளிரில், திரும்பாத சாவியோடு நின்ற அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. யாரும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. லோவெல் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாஸ்டரய்யா, இதுல போட்டிருக்கிறதை இன்னொரு தடவை படிக்கிறேன். 'வாக்களிக்காமல் விட்டால் வேண்டாம் என்று வாக்களித்ததற்குச் சமம்.'"

பாஸ்டர் முகத்தைத் திருப்பவில்லை.

"கண்ணுதான் போச்சு, லோவெல். காது நல்லாத்தான் இருக்கு," என்றார். "அடுத்ததுக்குப் போ."

மிச்சத்தை அவர்கள் முடித்தார்கள். நீதிபதிகள், பள்ளிக்கூட வாரியம், மண்வளக் குழு. பாஸ்டர் சீட்டைத் தன் கையாலேயே இயந்திரத்தில் நுழைத்தார். அது இழுத்துக்கொண்டது. ஸ்டிக்கர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, படிக்கட்டுக்கு எதிரே நின்று, "ரெண்டு பேருக்கும் நன்றி," என்றார். தடி ஒவ்வொரு படியாக மேலே போனது.

லோவெல் சமையலறையில் கையைக் கழுவினார். ஏன் கழுவுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆர்டிஸ் பேரீச்சம்பழக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் அழுத்தி வெட்டினார்.

"மேல மேடையில நின்னு, ஒரு ஆணு, ஒரு பொண்ணுன்னு சொன்னாரே," என்றார், கத்தியிடம் சொல்வது போல. "முப்பது வருஷம் சொன்னாரே. கீழ எறங்குறதுக்குள்ள..."

"ஆர்டிஸ்."

"தெரியும். நான் ஒண்ணும் பாக்கல. நீயும் பாக்கல." ஒரு துண்டைத் தாளில் மடித்து அவர் கையில் திணித்தார். "அந்த மனுஷன் பேச்சை நம்பி நான் காலையில ஓட்டுப் போட்டுட்டு..." நிறுத்திக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கைத்தான் துடைத்தார். "போ. உன் நேரம் முடிஞ்சுது. இது ஆர்லனுக்கு. நான் கொடுத்தேன்னு சொல்லு."

சுவரில் பழுப்புத் தாளின் ஒரு மூலை அவிழ்ந்து தொங்கியது. லோவெல் அதை அழுத்தி ஒட்டிவிட்டு வெளியே வந்தார்.

சாலையெங்கும் பீட்ரூட் லாரிகள் உதிர்த்த கறுப்பு மண். வீட்டில் ஆர்லன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வானொலியை அணைத்து வைத்திருந்தார்.

"கூட்டமா?"

"கூட்டம்தான். ஆர்டிஸ் இதைக் கொடுத்தா. சாயங்காலம் சூப் வருது."

"எனக்கு ஓட்டுப் போடாதவங்கெல்லாம் சாப்பாடு போடுறாங்க." சீவியபடியே கேட்டார்: "அவர் வந்தாரா?"

"வந்தார்."

"கண்ணு சுத்தமாப் போச்சுன்னு சொன்னாங்களே. எப்படிப் போட்டார்?"

"படிச்சுக் காட்டி நிரப்புனோம். ஆர்டிஸும்..." லோவெல் கோட்டைக் கழற்றி மாட்டினார். "நானும்."

சீவும் ஓசை நின்றது.

"அப்ப உனக்குத் தெரியும்."

லோவெல் உட்கார்ந்தார்.

"சொல்லுடா. ஒரு வார்த்தைதானே. ஆமா, இல்ல."

"சொல்லக்கூடாது. சாவடி வேலைக்குச் சேரும்போது சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உனக்குத்தான் கடவுளே இல்லையே. எதும் மேல பண்ணுன?"

"அதனாலதான். நீ தப்புப் பண்ணுனா மன்னிக்க மேல ஆள் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

ஆர்லன் சிரிக்க முயன்றார். பிறகு லோவெல்லின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். லோவெல் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டார். வெறுமையாக வைக்க வைக்க, அது மறுபக்கமாக, 'ஆம்' என்று படிக்கப்படுவது தெரிந்தது. அதைத் திருத்த ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவருடையது அல்ல. அந்தக் கிழவர் தன் சபையிடம்கூடச் சொல்லாததை, இருட்டில் ஒரு தாளிடம் மட்டும் விட்டுப் போயிருக்கிறார். அதுவும் ஒரு துணிச்சலா, பதினைந்து வருஷத்துக் கோழைத்தனத்தின் கடைசித் துண்டா என்று லோவெல்லுக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் வாயைத் திறக்கவில்லையே என்று கோபமாகவும் வந்தது.

"சரி," என்றார் ஆர்லன். "புரியுது."

கையைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்து வந்தார். மேசையில் உட்கார்ந்து, நகத்தால் வளையத்தை நெம்பினார். வழுவழுவென்று தேய்ந்த பித்தளைச் சாவி வளையத்தைச் சுற்றிப் பாதி தூரம் வந்தது.

"இனிமே இது எதுக்கு? முட்டாள்தனமா சுமந்துட்டுத் திரிஞ்சிருக்கேன்."

லோவெல்லின் கை மேசையைத் தாண்டிப் போய் அந்தக் கொத்தின் மேல் படிந்தது.

"இன்னைக்குக் கழட்டாதே."

"ஏன்?"

இதுவும் சத்தியத்தை மீறுவதுதானா என்று லோவெல் யோசித்தார். ஆம் என்றும் பட்டது, இல்லை என்றும் பட்டது.

"ஏன்டா?"

லோவெல் கையை எடுக்கவில்லை. வெளியே ஒரு லாரி மண்ணை நசுக்கிக்கொண்டு போனது, அதன் பின்னாலேயே இன்னொன்று. ஆர்லன் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். மெதுவாக வளையத்திலிருந்து நகத்தை எடுத்தார்.